பழைய கணினியில் என்ன ரேம்? கண்டறியும் வழிகளும் அவற்றின் எல்லைகளும்

பழைய கணினி திணறுகிறது, ரேம் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்கிறார்கள். அடுத்த கேள்வி தானாக வருகிறது: இதில் இருப்பது என்ன வகை ரேம்? தனிக்கணினி வந்த நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி இது. சொல்லப்பட்ட பதில்கள்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மூடியைக் கழற்றி ஸ்லாட்டைப் பார் என்கிறார் ஒருவர். கழற்றவே வேண்டாம், ஒரு மென்பொருளைப் போட்டால் தெரிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். சிப்பின் முதுகில் உள்ள எண்ணைப் படி, போர்டின் மாடலைத் தேடு, பிராசசர் பெயரைச் சொல், வாங்கிய ஆண்டைச் சொன்னாலே போதும் என்று இன்னும் பல. இவை எல்லாமே ஏதாவது ஒரு காலகட்டத்தில் சரியாக இருந்த பதில்கள்தாம்.

'என்ன ரேம்' என்ற கேள்விக்குள் குறைந்தது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இப்போது ஸ்லாட்டில் உட்கார்ந்திருப்பது எது என்பது ஒன்று. அந்த போர்டு எதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் என்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே பதில் வந்துவிடுவதால் இவற்றைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வரவில்லை. பதில்கள் விலகும் இடங்களில்தான் வாங்கிய ரேம் வீணாகிறது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டில் எதற்கு அது பதில் சொல்கிறது என்று கேட்டே எடைபோட வேண்டியிருக்கிறது.

எண்ணே பெயராக இருந்த காலம்

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் ரேம் என்பது தனித்தனிச் சிப்புகள். மதர்போர்டில் வரிசைக்கு 9 சிப்பாக அடுக்கியிருப்பார்கள். 8 தரவுக்கு, ஒன்று பிழை பார்க்கும் பாரிட்டிக்கு. சிப்பின் மேல் 4116 என்றிருந்தால் 16 கிலோபிட், 4164 என்றால் 64 கிலோபிட், 41256 என்றால் 256 கிலோபிட். எண்ணுக்குப் பின்னால் 15 என்று ஒட்டியிருந்தால் 150 நானோ நொடி வேகம். படிக்கத் தெரிந்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனாலும் பின்னாளில் பெரிதாகப் போகிற சிக்கலின் விதை அப்போதே விழுந்துவிட்டது. 4116, 4164 இரண்டுக்கும் 16 கால்கள். ஒரே அளவு சாக்கெட்டில் உட்காரும். ஆனால் முன்னதற்கு +5, +12, −5 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். பின்னதற்கு +5 மட்டும் போதும். பொருந்தி உட்காருகிறது என்பதற்காக அதே வகைதான் என்று சொல்ல முடியாது.

1980களின் முற்பகுதியில் வாங் லேபரட்டரீஸ் நிறுவனத்தில் உருவான சிம் மாட்யூல் இந்தக் கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு எளிதாக்கியது. சிப்புகளை ஒரு சிறு பலகையில் பற்றவைத்து, ஓரத்தில் பின்களை வரிசையாக வைத்தார்கள். 30 பின் இருந்தால் ஒரு நேரத்தில் 8 பிட், 72 பின் இருந்தால் 32 பிட். 32 பிட் பாதை கொண்ட 386டிஎக்ஸ் போர்டில் 30 பின் சிம்களை நான்கு நான்காகவும், 64 பிட் பாதை கொண்ட பென்டியத்தில் 72 பின் சிம்களை இரண்டிரண்டாகவும் மாட்ட வேண்டும். பின்களை எண்ணினால் வகை தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. இன்றும் பலர் முதலில் சொல்லும் பதில் அதுதான்.

உருவம் பொய்த்த முதல் இடம்: எஃப்பிஎம்மும் ஈடிஓவும்

அந்த நம்பிக்கையை 1995 வாக்கில் உடைத்தது ஈடிஓ. இன்டெலின் 430எஃப்எக்ஸ் சிப்செட்டோடு பரவலான இந்த வகையும், அதற்கு முன் புழக்கத்தில் இருந்த எஃப்பிஎம்மும் 72 பின் சிம்மில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். பின் எண்ணிக்கை, பலகையின் நீளம், இடைவெட்டு எதிலும் வேறுபாடு கிடையாது. ஒரு பழைய பென்டியம் பெட்டியைத் திறந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது.

வேறுபாடு சிப்பின் நடத்தையில் இருக்கிறது. நினைவகத்திலிருந்து படிக்கும்போது காஸ் என்ற சமிக்ஞைக் கம்பி கீழிறங்கி மீண்டும் மேலேறும். எஃப்பிஎம் சிப் காஸ் மேலேறிய உடனே தரவுக் கம்பிகளை விட்டுவிடும். ஈடிஓ சிப் அடுத்த முறை காஸ் இறங்கும்வரை அதே தரவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடிப்பால் கிடைக்கும் நேரத்தில் அடுத்த முகவரிக்கான வேலையைத் தொடங்கிவிடலாம். வேகம் கூடுவது அதனால்தான்.

இந்த நடத்தையைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிய வழி கண்டார்கள். தெரிந்த ஒரு மதிப்பை எழுதி, அதைப் படிக்கத் தொடங்கி, காஸை மேலேற்றிய பிறகு தரவு இன்னும் இருக்கிறதா என்று பயாஸ் பார்க்கும். இருந்தால் ஈடிஓ, மறைந்துவிட்டால் எஃப்பிஎம். இதற்கென்றே சிப்செட்டில் தனிச் சோதனை நிலை வைக்கப்பட்டது. அவார்டு பயாஸ் கொண்ட கணினிகள் துவங்கும்போது காட்டும் பட்டியலில் எந்தெந்த வரிசையில் ஈடிஓ, எந்தெந்த வரிசையில் அடுத்து வந்த வகையான எஸ்டிரேம் என்று வருவது இத்தகைய விசாரணையின் முடிவுதான். பின்னாளில் வந்த பல முறைகளைவிட இது நேர்மையானது என்று தோன்றுகிறது. சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், சிப் என்ன செய்கிறது என்று பார்க்கும் முறை இது.

கணினி இயங்காதபோது? அதற்குப் பழுதுபார்ப்பவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள்: சிப் எண்ணின் கடைசி இலக்கம் 0 என்றால் எஃப்பிஎம், வேறு ஏதாவது என்றால் ஈடிஓ. ஹிட்டாச்சியின் எச்எம்5117400 எஃப்பிஎம், எச்எம்5117405 ஈடிஓ. தோஷிபாவின் டிசி5117400, டிசி5117405 இணையும் அப்படியே. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஈடிஓவுக்கு 9 போட்டது, ஹூண்டாய் 4 போட்டது. சூத்திரம் பெரும்பாலும் நிற்கிறது. மைக்ரானிடம் வந்தால் சரிகிறது. அந்த நிறுவனத்தின் எண்முறையே வேறு, கடைசி இலக்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் சில மாட்யூல்களில் உண்மையான பாரிட்டி சிப்புக்குப் பதிலாக, பாரிட்டி இருப்பதுபோல் பாவனை காட்டும் மலிவுச் சிப்பை வைத்து விற்றதும் உண்டு. அந்த மாட்யூலில் 9 சிப்பை எண்ணிவிட்டு முடிவுக்கு வந்தவர் ஏமாந்தார்.

வெட்டு சொல்வதும் சொல்லாததும்

அடுத்து வந்த டிம் மாட்யூல்களில் உருவம் இழந்த மதிப்பு ஓரளவு திரும்பியது. காரணம், பின் வரிசையின் நடுவே விடப்பட்ட வெட்டு. ஜெடெக் அமைப்பு வகுத்த தரப்படி, தவறான ரேம் ஸ்லாட்டில் இறங்கவே கூடாது என்பதற்காக வைக்கப்பட்டது அது. 168 பின் டிம்மில் இரண்டு வெட்டுகள்: ஒரு பக்கத்து பின்கள் 10, 30, 44 என்று பிரியும். ஓரத்து வெட்டின் நுட்பமான இடமாற்றம் பஃபர் உண்டா இல்லையா என்பதையும், நடுவெட்டின் இடமாற்றம் மின்னழுத்தத்தையும் குறித்தது. மேசைக் கணினிகளில் பரவலான எஸ்டிரேம் இந்த வடிவில்தான் வந்தது.

பின்னர் வந்த டிடிஆர் வகைகளுக்கு ஒரே வெட்டு. முதல் டிடிஆரில் பக்கத்துக்கு 92 பின், வெட்டு அவற்றை 52, 40 என்று பிரிக்கும். டிடிஆர்2இல் பக்கத்துக்கு 120, பிரிவு 64, 56. டிடிஆர்3இலும் 120தான், ஆனால் 48, 72. டிடிஆர்3ஐ மற்ற இரண்டிலிருந்து பிரித்தறிவது சுலபம், வெட்டு நன்றாக ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். டிடிஆரும் டிடிஆர்2வும் அப்படியில்லை. பலகையின் நீளம் ஒன்று, வெட்டின் இடமும் கிட்டத்தட்ட ஒன்று. அவசரத்தில் அழுத்தி இறக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இணையில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இங்கே வெட்டைவிடச் சிப்பின் தோற்றம் நல்ல துணை. பழைய டிடிஆர் மாட்யூல்களில் பெரும்பாலும் சிப்பின் இரு பக்கமும் மெல்லிய கால்கள் வெளியே தெரியும். டிடிஆர்2இல் கால்களே தெரியாது; சிப்பின் அடிப்பக்கத்தில் குண்டுமணிகளாக ஒளிந்திருக்கும். பின்களும் டிடிஆர்2இல் நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும். கால் தெரியும் டிடிஆர்2 மாட்யூலைப் பார்ப்பது அநேகமாக நடக்காது. கால் தெரியாத டிடிஆர் ஒன்றிரண்டு உண்டு.

மடிக்கணினிகளுக்கான எஸ்ஓடிம்மில் எஸ்டிரேம் 144 பின், டிடிஆர்3 204, டிடிஆர்4 260 என்று எண்ணிக்கையே வேறுபடுகிறது. ஆனால் டிடிஆர், டிடிஆர்2 இரண்டும் 200 பின். வெட்டு நூலளவுதான் தள்ளியிருக்கும். மேசைக் கணினியில் தடுக்கிய அதே இணை இங்கும் தடுக்குகிறது.

இந்த வரிசைக்குள் அடங்காத ஒன்று ராம்பஸ். 2000ஐ ஒட்டி இன்டெல் முன்னிறுத்திய இந்த வகையின் ரிம் மாட்யூலுக்கு 184 பின். முதல் டிடிஆருக்கும் 184தான். பின் எண்ணி முடிவு செய்பவருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் ரிம்மில் நடுப்பகுதியில் இரண்டு வெட்டுகள் இருக்கும், மேலே உலோகத் தகடு போர்த்தியிருக்கும். அதைவிட வினோதம், காலியான ஸ்லாட்டையும் விட்டுவைக்க முடியாது. சிப்பே இல்லாத வெற்றுப் பலகை ஒன்றை அதில் செருகித் தொடர்பை மூட வேண்டும். பழைய பென்டியம் 4 பெட்டியைத் திறந்து சிப் இல்லாத ரேம் ஒன்றைக் கண்டால், யாரோ சிப்பைத் திருடிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

வெட்டு எதைச் சொல்லாது? மின்னழுத்தத்தின் உட்பிரிவைச் சொல்லாது. 1.5 வோல்ட் டிடிஆர்3க்கும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல்லுக்கும் ஒரே வெட்டு. குறைந்த மின்னழுத்தம் மட்டும் தரும் சில மடிக்கணினிகளில் சாதாரண டிடிஆர்3 மாட்டினால் திரையே வராது. சர்வருக்கான ரெஜிஸ்டர்டு வகையையும் வெட்டு தடுப்பதில்லை. பழைய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் டிடிஆர்3 ரேம் வீட்டுக் கணினியில் அழகாக உட்காரும், ஆனால் இயங்காது. அதைக் கண்டுகொள்ள, பலகையின் நடுவில் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட ஒற்றைச் சிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக, வெட்டு ஒரு தடுப்புச் சுவர். அது தடுத்தால் அந்த முடிவை நம்பலாம். விட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

ஸ்டிக்கரும் சிப் எண்ணும்

மாட்யூலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எல்லாரும் முதலில் பார்ப்பது. பிசி100, பிசி2-6400, பிசி3-12800 போன்ற குறிகள் இருந்தால் வேலை முடிந்தது. பிசி2 என்று தொடங்கினால் டிடிஆர்2, பிசி3 என்று தொடங்கினால் டிடிஆர்3. முதல் தலைமுறைகளில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். பிசி133 என்ற எஸ்டிரேம் குறி மெகாஹெர்ட்ஸைச் சொல்கிறது. பிசி2100 என்ற டிடிஆர் குறி நொடிக்கு எத்தனை மெகாபைட் என்பதைச் சொல்கிறது. பிசி800 என்ற ராம்பஸ் குறி இரண்டுமில்லாமல் நொடிக்கு எத்தனை மில்லியன் பரிமாற்றம் என்பதைச் சொல்கிறது. மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட்டவர் பிசி2100ஐ பிசி133இன் பதினாறு மடங்கு என்று எண்ணிவிடலாம்.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சிப் எண். சாம்சங் சிப்பில் கே4எஸ் எஸ்டிரேம், கே4எச் டிடிஆர், கே4டி டிடிஆர்2, கே4பி டிடிஆர்3, கே4ஏ டிடிஆர்4. மைக்ரானில் எம்டி48எல்சி எஸ்டிரேம், எம்டி46வி டிடிஆர், எம்டி47எச் டிடிஆர்2, எம்டி41 டிடிஆர்3, எம்டி40ஏ டிடிஆர்4. ஹைனிக்ஸுக்கும் இதுபோல ஒரு வரிசை உண்டு. வகையைச் சொல்வதில் இந்த முறை ஏறக்குறையப் பிழையற்றது. சிப்பைச் செய்தவரே இட்ட எண் அது. பலவீனம், மாட்யூலைச் செய்தவர் வேறொருவராக இருந்து, சிப்பின் எண்ணை அழித்துத் தன் பெயரை அச்சிட்டிருந்தால் அது கைவிட்டுவிடும். மைக்ரானின் சிறிய சிப்புகளில் முழு எண் இருக்காது, ஐந்து எழுத்துச் சுருக்கக் குறிதான் இருக்கும். அதை நிறுவனத்தின் அட்டவணையில் தேடிப் பார்க்க வேண்டும்.

மாட்யூலே தன்னைப் பற்றிச் சொல்வது

72 பின் சிம்மிலேயே மாட்யூல் தன்னைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லும் ஏற்பாடு இருந்தது: நான்கு பின்களை இணைப்பதும் விடுவதுமாக அளவையும் வேகத்தையும் குறிப்பது. நான்கு பின்னுக்குள் எவ்வளவு சொல்லிவிட முடியும்? எஸ்டிரேம் காலத்தில் அதற்குப் பதிலாக 256 பைட் கொண்ட சிறு நினைவுச் சிப்பே மாட்யூலில் ஏறியது. எஸ்பிடி என்று அழைக்கப்படும் இதை, 1998இல் 440பிஎக்ஸ் சிப்செட்டோடு வந்த பிசி100 விதிமுறை கட்டாயமாக்கியது. ரேமின் ஓரத்தில் எட்டுக் கால்களுடன் ஒட்டியிருக்கும் கடுகுச் சிப் அதுதான்.

எஸ்பிடியில் ரேம் வகை எழுதப்படும் இடம் எஸ்டிரேம் முதல் டிடிஆர்5 வரை மாறவில்லை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 2ஆம் பைட். அங்கே 4 இருந்தால் எஸ்டிரேம், 7 டிடிஆர், 8 டிடிஆர்2, 11 டிடிஆர்3, 12 டிடிஆர்4, 18 டிடிஆர்5. கணினி உலகில் இத்தனை தலைமுறை ஒரே இடத்தில் நிலைத்த ஒழுங்கு அரிது. ராம்பஸ் மட்டும் வேறு ஒழுங்கில் எழுதியதால், படிக்கும் மென்பொருள்கள் அதைத் தனியே கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விண்டோஸில் சிபியு-இசட், லினக்ஸில் டிகோட்-டிம்ஸ் போன்றவை எஸ்பிடியை நேரடியாகப் படிக்கின்றன. இயங்குதளமே இல்லாத பெட்டிக்கு மெம்டெஸ்ட்86+ போதும். மூடியைத் திறக்காமல் கிடைக்கும் பதில்களில் இதையே முதலிடத்தில் வைக்கலாம். ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, எஸ்பிடியை எட்டும் கம்பிப் பாதை வழியாகப் பிற கருவிகளும் பேசுகின்றன. தவறான இடத்தில் கைவைத்தால் கேடு. லினக்ஸின் எல்எம்-சென்சர்ஸ் இந்தப் பாதையைத் துழாவியபோது சில ஐபிஎம் திங்க்பேட் மாடல்களில், எஸ்பிடிக்குரிய முகவரி எல்லைக்குள்ளேயே பதில் சொன்ன வேறொரு நினைவுச் சிப் கெட்டுப்போனது. மிகப் பழைய கணினிகளில் கண்டறியும் மென்பொருளைத் தயங்காமல் ஓட்டுவோருக்கு அந்தச் செய்தி இன்றும் பொருந்தும்.

மற்றது, எஸ்பிடியை மாற்றி எழுத முடியும். தைபூன் பர்னர் போன்ற கருவிகள் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. வகையை மாற்றி எழுதினால் கணினி துவங்காது, அதனால் அந்தப் பொய்க்கு ஆயுள் இல்லை. வேகத்தையும் தயாரிப்பாளர் பெயரையும் மாற்றி எழுதிவிட்டால் தெரிந்துகொள்வது கடினம்.

விண்டோஸ் சொல்வது யார் வாக்கு?

மென்பொருள் சொல்கிறது என்கிறோம். எல்லா மென்பொருளும் ஒரே இடத்தைப் பார்த்துச் சொல்வதில்லை என்பது பல நேரம் கவனத்துக்கு வருவதில்லை. சிபியு-இசட் மாட்யூலிடம் கேட்கிறது. விண்டோஸின் சொந்தக் கட்டளைகளும் லினக்ஸின் டிஎம்ஐடிகோடும் எஸ்எம்பயாஸ் என்ற பட்டியலைப் படிக்கின்றன. துவங்கும்போது பயாஸ் எழுதிவைக்கும் பட்டியல் அது. மாட்யூல் சொன்னதைப் பயாஸ் கேட்டு, தன் மொழியில் எழுதி, அதை இயங்குதளம் படித்துக் காட்டுகிறது. கேட்டதைச் சொன்னவரின் சாட்சியம் போலத்தான். டிஎம்ஐடிகோடின் சொந்தக் கையேடே, இந்தத் தகவல் முழுமையற்றதாகவோ தவறாகவோ இருக்கலாம் என்று எச்சரிக்கிறது.

இதன் விளைவைக் கிட்டத்தில் பார்க்க விண்டோஸின் பழைய டபிள்யூஎம்ஐசி கட்டளை நல்ல இடம். அதில் ரேம் வகையைக் காட்டும் மெமரிடைப் என்ற புலம் உண்டு. அதன் அட்டவணைப்படி 19 என்றால் ராம்பஸ், 20 என்றால் டிடிஆர், 21 டிடிஆர்2, 24 டிடிஆர்3. விண்டோஸ் 10இல் எஸ்எம்பயாஸ்மெமரிடைப் என்று இன்னொரு புலம் சேர்ந்தது. அது பயாஸ் பட்டியலின் மூல எண்ணைக் காட்டுகிறது. அங்கே 18 என்றால் டிடிஆர், 19 என்றால் டிடிஆர்2, 20 என்றால் சர்வர்களுக்கான எஃப்பி-டிம். டிடிஆர்3க்கும் டிடிஆர்4க்கும் மட்டும் இரண்டு அட்டவணையிலும் 24, 26 என்று ஒத்துப்போகிறது. ஆகவே புதிய கணினியில் சோதித்துப் பார்த்து, எண்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர், பழைய டிடிஆர்2 கணினியில் 19ஐக் கண்டு ராம்பஸ் என்று முடிவுகட்ட இடமிருக்கிறது. எந்தப் புலத்தின் 19 என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதும் குறிப்புகளை நம்புவது சிரமம்.

முதல் புலம் பல கணினிகளில் 0 என்று காட்டும். தெரியவில்லை என்பதே அதன் பொருள். ரேம் பழுது என்று நினைத்து யாரும் பயப்பட வேண்டாம்.

வேகத்தை வைத்து வகையை ஊகிக்கலாம் என்போரும் உண்டு. இதை நீட்ட வேண்டியதில்லை. சிபியு-இசட் காட்டுவது கடிகார வேகம். விற்பனைக் குறியில் இருப்பது அதன் இரு மடங்கு. 400 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் அது டிடிஆர்2-800ஆக இருக்கலாம், டிடிஆர்3-800ஆகவும் இருக்கலாம்.

போர்டையும் பிராசசரையும் வைத்துச் சொல்வது

இரண்டாவது கேள்விக்கு, அதாவது போர்டு எதை ஏற்கும் என்பதற்கு, மேற்சொன்ன எதுவும் முழுப் பதில் தருவதில்லை. அதற்குப் போர்டிடம்தான் போக வேண்டும். பிராசசர் பெயரைச் சொன்னாலே போதும் என்ற பதில் இங்கேதான் நுழைகிறது.

அந்தப் பதிலின் வலுவையும் வலுவின்மையையும் பென்டியம் 4 ஒன்றே காட்டிவிடும். 2000 நவம்பரில் அது வந்தபோது 850 சிப்செட்டும் ராம்பஸும். 2001இல் 845 சிப்செட் வந்தது, முதலில் எஸ்டிரேமோடு. அதே 845 அடுத்த ஆண்டு டிடிஆரோடும் கிடைத்தது. 2003இல் 865, டிடிஆரை இரண்டிரண்டாகப் போடச் சொன்னது. 2004இல் 915 வந்தபோது டிடிஆர்2 நுழைந்தது. டிடிஆரையும் அது கைவிடவில்லை. ஒரே பிராசசர் பெயர், நான்கு ஆண்டுகளுக்குள் நான்கு வகை ரேம். அந்தக் காலத்தில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்கு வெளியே சிப்செட்டில் இருந்ததே காரணம். பிராசசருக்குத் தன்னோடு பேசுவது எந்த ரேம் என்றே தெரிய வேண்டியதில்லை.

ஏஎம்டி 2003இல் அத்லான் 64இலும், இன்டெல் 2008இல் நெஹாலம் வரிசையிலும் அந்தப் பகுதியைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தன. அதற்குப் பிறகு பிராசசர் பெயர் கணிசமாக நம்பத்தக்க பதிலாகிவிட்டது. விலக்குகள் இல்லாமலில்லை. 2009இன் ஏஎம்3 பிராசசர்கள் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டையும் அறியும். எந்த போர்டில் உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இன்டெலின் 2015 ஸ்கைலேக் வரிசை டிடிஆர்4ஐயும் டிடிஆர்3எல்லையும் ஏற்கும்.

சில போர்டுகளில் இரண்டு வகை ஸ்லாட்டுகளே இருந்தன. இசிஎஸ் கே7எஸ்5ஏ அதில் பெயர்பெற்றது; எஸ்டிரேமுக்கு இரண்டு, டிடிஆருக்கு இரண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம். அப்படிப்பட்ட போர்டில் இப்போது எஸ்டிரேம் இருக்கிறது என்று மென்பொருள் சொல்வது உண்மைதான். ஆனால் மேம்படுத்த விரும்புகிறவருக்கு வேண்டிய பதில் அதுவல்ல.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கூடுதல் முகம் உண்டு. பிராண்டட் கணினிகளுக்கு மாடல் எண், சர்வீஸ் கையேடு, நிறுவனத் தளம் என்று ஆவணம் இருக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. கேபினெட்டின் மேல் இருக்கும் பெயர் கேபினெட்டின் பெயர்தான். அங்கே தேட வேண்டியது போர்டின் மேற்பரப்பில், பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கு இடையே வெள்ளையில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணை. அதைப் படிக்கும்போது ஒரு எழுத்தையும் விடக்கூடாது. ஜி41 சிப்செட் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டையும் ஏற்கும். ஜிகாபைட்டின் ஜி41எம்-இஎஸ்2எல் டிடிஆர்2 போர்டு, ஜி41எம்டி-எஸ்2 டிடிஆர்3 போர்டு. மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ரெவிஷன் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. ஒரே மாடலுக்குக் கீழ் போர்டு மாறியிருக்கக்கூடும்.

தீராமல் இருப்பவை

வகை மட்டும் தெரிந்தால் போதும் என்றால், மேலே சொன்ன வழிகளில் இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் ஐயம் அநேகமாக நீங்கிவிடும். இயங்கும் கணினிக்கு எஸ்பிடியைப் படிக்கும் மென்பொருளும் போர்டின் மாடல் எண்ணும். இயங்காத கணினிக்கு வெட்டும் சிப் எண்ணும். விண்டோஸ் கட்டளையை முதல் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வது சரியாகாது.

போர்டிலேயே பற்றவைத்த ரேம் வேறு கதை. பல மெல்லிய மடிக்கணினிகளில் மாட்யூலும் இல்லை, வெட்டும் இல்லை, எஸ்பிடி சிப்பும் இல்லை. எஸ்பிடிக்குரிய விவரத்தைப் பயாஸுக்குள்ளேயே வைத்து, எந்த விவரம் பொருந்தும் என்பதைப் போர்டில் உள்ள சில மின்தடைகளின் அமைப்பால் தெரிவிப்பார்கள். அங்கே மென்பொருள் காட்டுவது பயாஸ் எழுதியவரின் சொல். அதைச் சரிபார்க்க வேண்டுமானால் சிப்பின் எண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை.

வகை சரியாக இருந்தும் ஏற்காத ரேம் அதைவிடப் பெரிய சிக்கல். 440பிஎக்ஸ் போர்டில் 256 மெகாபைட் எஸ்டிரேமை மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது 128 மெகாபிட் சிப்புகள் பதினாறு கொண்டதாக இருந்தால் முழுதும் தெரியும். 256 மெகாபிட் சிப்புகள் எட்டு கொண்டதாக இருந்தால் பாதிதான் தெரியும். இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வெட்டு, ஒரே பிசி100 ஸ்டிக்கர். சிப்செட் எத்தனை முகவரிக் கம்பிகளை அறியும் என்பதில் இருக்கிறது வேறுபாடு. டிடிஆர்2இலும் 4 ஜிபி மாட்யூல்களில் ஏஎம்டிக்கு மட்டும் என்று குறித்து விற்றவை உண்டு. இன்டெல் போர்டுகளில் அவை ஓடாது.

இதற்கு விடை சொல்வதாக எஸ்எம்பயாஸ் பட்டியலில் அதிகபட்சக் கொள்ளளவு என்ற ஒரு வரி இருக்கிறது. பல போர்டுகளில் அது உண்மையைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ இருப்பதால், அதை நம்பி ரேம் வாங்குவது துணிச்சலான காரியம். போர்டின் கையேடும் அது அச்சான நாளில் சந்தையில் இருந்த மாட்யூல்களைத்தான் அறியும். பிறகு வந்த அடர்த்தியான சிப்புகளைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. சிப்செட்டின் தொழில்நுட்ப ஆவணத்தைத் தேடிப் படித்தால் பதில் கிடைக்கலாம். ஆனால் ரேம் வாங்க வந்தவர்களில் அதைப் படிப்பவர் அரிது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில், பெட்டியைக் கடைக்கே தூக்கிச் சென்று அதே மாட்யூலை மாட்டி, துவங்கும் திரையில் முழு அளவும் வருகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுப்பதைவிட நம்பகமான வழி இன்னும் உருவாகவில்லை.